இது வேறுபாடுன்னா, இந்த ராத்திரிக்கு என்ன பேர்?

மழைத்துளி (இழையைத் தொடங்கியவர்)

ரொம்ப நாளா இங்க படிக்க மட்டும் செய்யறவ நான். இன்னிக்குத்தான் முதல்முறையா எழுதறேன். கொஞ்சம் கோபமாத்தான் எழுதறேன், பொறுத்துக்கோங்க.

என் மகளுக்கு ஏழு வயசு. நாலு வயசுல ஆட்டிசம்னு டயக்னோசிஸ் ஆச்சு. பேச்சு இன்னும் வரல. நேத்து ஒரு தோழி ஒரு கட்டுரை அனுப்பியிருந்தா. ஆட்டிசம் நோய் இல்லையாம், மனுஷ மூளையில இயற்கையா வர்ற வேறுபாடாம், கொண்டாடணுமாம். அதைப் படிக்கும்போது மணி ராத்திரி ரெண்டரை. ஒரு கையில போன். இன்னொரு கை சுவத்துக்கும் என் மக தலைக்கும் நடுவுல.

மூணு வாரமா இப்படித்தான். நடு ராத்திரி எழுந்து உட்கார்ந்து, தலையோட இடது பக்கத்தைச் சுவத்துல இடிக்கிறா. தலகாணி வச்சா தள்ளி விட்டுடுவா. என் உள்ளங்கையை மட்டும் விட்டு வைக்கிறா. அதனால கையை விரிச்சுச் சுவத்துல ஒட்டி வச்சுக்கிட்டு உட்கார்ந்திருப்பேன். அவ இடிக்க இடிக்க என் விரல் கணு சுவத்துல படும். நடுவிரல் வீங்கிப் போய் இப்போ மடக்க முடியல.

ஆறுதல் கேட்டு எழுதல. நிஜமாவே தெரிஞ்சுக்கணும். இது எந்தக் கணக்குல "வேறுபாடு"?

கோடுபோட்ட_நோட்டு

எனக்கு 41 வயசு. ஆட்டிசம்னு தெரிஞ்சது 38-ல. உங்க பொண்ணோட ராத்திரியும் என்னோட ராத்திரியும் ஒண்ணில்ல, அதை முதல்லயே சொல்லிடறேன். ஆனா அந்த "வேறுபாடு"ங்கிற சொல், இங்கிலீஷ்ல நியூரோடைவர்சிட்டின்னு சொல்றது, எப்படிப் பொறந்துச்சுன்னு தெரியும். அதையாவது சொல்றேன்.

1990கள்ல இன்டர்நெட் வந்த புதுசு. முகத்தைப் பார்த்துப் பேசறதைவிட எழுதிப் பேசறது சுலபமா இருந்த ஆட்டிஸ்டிக் ஆளுங்க மின்னஞ்சல் குழுக்கள்ல ஒண்ணு சேர்ந்தாங்க. காட்டுல பலவகை உயிர் இருக்கிற மாதிரி மூளையிலயும் பலவகை இருக்குங்கிற பேச்சு அங்கதான் அடிபட ஆரம்பிச்சது. 1998-ல ஆஸ்திரேலியாவுல ஜூடி சிங்கர் அதைத் தன்னோட ஆய்வேட்டுல எழுதினாங்க. அதே வருஷம் அமெரிக்காவுல ஹார்வி புளூம் பத்திரிகையில எழுதினார். சொல் யாருக்குச் சொந்தம்னு இன்னும் சண்டை ஓயல, அது நமக்கு வேண்டாம்.

அவங்க யாரும் "வலி இல்லை"ன்னு சொல்லல. அவங்க எதிர்த்தது வேற ஒரு நினைப்பை. ஆட்டிசத்தை உரிச்சு எடுத்துட்டா உள்ள "சரியான" பிள்ளை ஒண்ணு ஒளிஞ்சிருக்கும்னு எல்லாரும் நம்பிக்கிட்டு இருந்தாங்க இல்லையா, அதை. 1993-ல டொரன்டோவுல நடந்த ஒரு மாநாட்டுல ஜிம் சின்க்ளேர், அவரும் ஆட்டிஸ்டிக், பெற்றோர்கிட்ட அதைத்தான் பேசினார். நீங்க அழறது பொறக்காமப் போன ஒரு கற்பனைப் பிள்ளைக்காக, பொறந்து எதிர்ல நிக்கிற பிள்ளை நாங்கதான், அப்படிங்கற அர்த்தத்துல.

"கொண்டாடுங்க"ங்கிறது பிற்பாடு யாரோ ஒட்டின ஸ்டிக்கர். நான் என்னோட ஆட்டிசத்தைக் கொண்டாடறதில்ல. அலுவலகத்துல ட்யூப்லைட் ஊதற சத்தம் பக்கத்து சீட்டுக்காரருக்குக் கேக்கவே கேக்காது. எனக்கு அது நாள் பூரா மண்டைக்குள்ள துளை போடும். அதைக் கொண்டாடி என்ன செய்ய?

சும்மா_ஒருவன்

தப்பா நினைக்காதீங்க. எங்க காலத்துல இந்தப் பேரே கேள்விப்பட்டதில்ல. இப்போ பார்க்கிற இடத்துல எல்லாம் ஆட்டிசம். தடுப்பூசியோ போனோ எதுவோ ஒண்ணு காரணம் இருக்கணும். அதைத் தேடாம "இயற்கை"ன்னு முத்திரை குத்திட்டா வேலை முடிஞ்சுதா?

ஏட்டுச்சுரைக்காய்

சும்மா_ஒருவன், "எங்க காலத்துல இல்லை" என்பதற்குக் கொஞ்சம் நீளமாகப் பதில் சொல்ல வேண்டும். என் பெயரைப் பார்த்துவிட்டீர்கள் அல்லவா, பொறுத்துக்கொள்ளுங்கள்.

"ஆட்டிசம்" என்ற சொல்லை 1911-இல் ஆய்கன் புளூலர் என்ற மனநல மருத்துவர் பயன்படுத்தியபோது அது மனச்சிதைவு நோயின் ஓர் அறிகுறிக்கான பெயர். 1925-இல் மாஸ்கோவில் குருன்யா சுகாரெவா என்ற பெண் மருத்துவர் ஆறு சிறுவர்களைப் பற்றி எழுதினார். சத்தம் பொறுக்காதது, ஒரே விஷயத்தில் ஊறிப்போவது, கூட்டத்தில் ஒட்டாதது என்று இன்று படித்தாலும் பக்கத்து வீட்டுப் பையனைப் பார்த்து எழுதியது போல இருக்கும். யாரும் கண்டுகொள்ளவில்லை. 1943-இல் பால்டிமோரில் லியோ கானர் 11 குழந்தைகளைப் பற்றி எழுதினார். உலகம் அதைத்தான் தொடக்கமாக எடுத்துக்கொண்டது. அந்த 11 பேரில் முதலாவதாகக் குறிக்கப்பட்ட டொனால்ட் டிரிப்லெட் வங்கியில் வேலை பார்த்து, கார் ஓட்டி, ஊர் சுற்றி, 2023-இல் தம் 89-ஆம் வயதில் காலமானார்.

1944-இல் வியன்னாவில் ஹான்ஸ் ஆஸ்பெர்கர் என்ற குழந்தை மருத்துவர் இப்படிப்பட்ட பிள்ளைகளைப் பற்றி எழுதியது தனிக் கதை. அவர் நாஜிகளின் குழந்தைக் கொலைத் திட்டத்துக்கு ஒத்துழைத்ததை 2018-இல் ஹெர்விக் செக் என்ற வரலாற்றாய்வாளர் ஆவணங்களோடு காட்டினார். "பயன்படும்" பிள்ளைகளை ஒரு பக்கமும் "பயன்படாத" பிள்ளைகளை இன்னொரு பக்கமும் பிரித்த அந்தக் காலத்தின் வாடை "அதிகத் திறன்", "குறைந்த திறன்" என்று பிரிக்கும் நம் பேச்சிலும் கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருக்கிறது என்பது என் எண்ணம்.

பிறகு வந்தது மிக மோசமான கட்டம். தாயின் பாசம் குளிர்ந்து போனதால்தான் பிள்ளைக்கு ஆட்டிசம் என்று புரூனோ பெட்டல்ஹைம் போன்றவர்கள் அடித்துச் சொன்னார்கள். ஒரு தலைமுறைத் தாய்மார்கள் அந்தப் பழியைச் சுமந்தார்கள். ஆட்டிசம் உள்ள மகனின் தந்தையான பெர்னார்ட் ரிம்லேண்ட் 1964-இல் இது மூளை சார்ந்தது, வளர்ப்பு சார்ந்ததல்ல என்று மறுத்து எழுதினார்.

எண்ணிக்கை ஏன் ஏறியது? வாசல் அகலமானது. 1979-இல் லோர்னா விங்கும் ஜூடித் கௌல்டும் லண்டனில் ஒரு பகுதியின் குழந்தைகளை ஆராய்ந்து, கானர் வரைந்த சின்ன வட்டத்துக்கு வெளியே எத்தனையோ பேர் இருப்பதைக் காட்டினார்கள். ஸ்பெக்ட்ரம், அதாவது ஒரே பெயருக்குள் பல விதம் என்ற பார்வை அங்கிருந்து வளர்ந்தது. அமெரிக்க மனநலக் கையேட்டில் 1980-இல்தான் ஆட்டிசத்துக்குத் தனி இடம் கிடைத்தது. 1994-இல் ஆஸ்பெர்கர் பெயரில் ஒரு வகை தனியாகச் சேர்ந்தது. 2013-இல் எல்லாம் ஒரே பெயருக்குள் வந்தன. அதுவரை ஏடிஎச்டி (கவனக்குறைவும் மிகைத் துறுதுறுப்பும்) இருந்தால் ஆட்டிசம் என்று சேர்த்து எழுதவே கூடாது என்று விதி. பெண் பிள்ளைகள் "கூச்ச சுபாவம்" என்ற பெயரில் கணக்குக்கு வராமலே போனார்கள். உலக சுகாதார நிறுவனத்தின் இப்போதைய கணக்கு 127 பேரில் ஒருவர்.

தடுப்பூசிக் கதை, தட்டம்மை உள்ளிட்ட மூன்று நோய்களுக்கான எம்எம்ஆர் ஊசியைப் பற்றி 1998-இல் 12 குழந்தைகளை வைத்து வந்த ஒரு கட்டுரை. 2010-இல் இதழே அதைத் திரும்பப் பெற்றது, எழுதியவரின் மருத்துவ உரிமமும் பறிபோனது. டென்மார்க்கில் 6,57,461 குழந்தைகளைத் தொடர்ந்து பார்த்து 2019-இல் வெளியான ஆய்வில், அந்தத் தடுப்பூசி போட்டவர்களுக்கும் போடாதவர்களுக்கும் ஆட்டிச வாய்ப்பில் வித்தியாசமே இல்லை.

"இயற்கை" என்ற சொல்லுக்கு வருகிறேன், ஏனென்றால் மழைத்துளியின் கேள்வி அதுதான். ஐந்து நாடுகளில் சுமார் 20 லட்சம் பேரின் தரவை வைத்து 2019-இல் வந்த ஆய்வு, ஆட்டிச வாய்ப்பில் காணும் வேறுபாட்டில் ஏறக்குறைய 80 சதவீதம் மரபுவழி என்றது. ஆனால் மரபணு ஒன்றல்ல, நூற்றுக்கணக்கில். பெரும்பங்கு எல்லாரிடமும் கொஞ்சம் கொஞ்சம் இருக்கும் சின்னச் சின்ன மாற்றங்களின் கூட்டு. உங்களிடமும் என்னிடமும் சில இருக்கும். உயரம் மாதிரி. இன்னொரு பக்கம், சில பிள்ளைகளிடம் புதிதாகத் தோன்றும் அரிய மாற்றம் ஒன்று தனியாகவே பெரிய விளைவை உண்டாக்கும். வலிப்பும் அறிவுத்திறன் குறைபாடும் சேர்ந்து வருவது அங்கே அதிகம். இரண்டுக்கும் நாம் வைத்திருப்பது ஒரே பெயர். "இயற்கையான வேறுபாடு" என்று யாராவது சொன்னால் எதைச் சொல்கிறார் என்று கேட்பது தப்பே இல்லை.

பழைய_சைக்கிள்

சும்மா ஒருவன் தம்பிக்கு. உங்கள் காலமும் என் காலமும் ஒன்றாகத்தான் இருக்கும், எனக்கு 63. நாங்கள் இருந்தோம் தம்பி. பெயர்தான் வேறு. "ஒரு மாதிரி", "கழன்ற கேஸ்", "உம்மணாமூஞ்சி". எனக்கு இந்த மூன்றும் உண்டு.

31 வருடம் பதிவேட்டுப் பிரிவில் வேலை. எந்தக் கோப்பு எந்த அடுக்கில் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன், அதில் குறை இல்லை. சட்டைப் பையில் ஒரு துண்டுச் சீட்டு வைத்திருப்பேன். மூன்று வரி. "வீட்டில் எல்லாரும் சௌக்கியமா?" "பிள்ளை எந்த வகுப்பு?" "உடம்பு பரவாயில்லையா?" யாராவது எதிரே வந்தால் இதில் ஒன்றைக் கேட்டுவிட வேண்டும். கேட்ட கேள்வியை அதே ஆளிடம் அதே வாரத்தில் மறுபடி கேட்டுவிடக் கூடாதே என்று சீட்டின் பின்பக்கம் பெயரைக் குறித்து வைப்பேன். ஒரு நாள் சீட்டு கீழே விழுந்து சக ஊழியர் ஒருவர் எடுத்துவிட்டார். பிரிவு முழுக்கச் சத்தமாகப் படித்துக் காட்டினார்.

அதன்பின் சீட்டை விட்டுவிட்டு மனப்பாடம் செய்துகொண்டேன். டாக்டரிடம் போய்ப் பெயர் வாங்கவில்லை, இந்த வயதில் வேண்டாம் என்று இருக்கிறேன். பேரனுக்கு ஆட்டிசம் என்று சொன்ன அன்று, அவர்கள் சொன்ன ஒவ்வொன்றும் எனக்கு என் சுயசரிதை மாதிரி இருந்தது.

இன்னொன்று. ஆட்டிசத்துக்குத் தமிழில் "மதியிறுக்கம்" என்று யார் பெயர் வைத்தார்களோ. என் மதி இறுகியதே இல்லை அம்மா, சாமான் அதிகம் ஏற்றிய வண்டி மாதிரிதான் எப்போதும்.

நெறியாளர்

"ஆறு மாதத்தில் பூரண குணம்" என்று ஒரு பொடியின் விளம்பரம் இரண்டு முறை இந்த இழையில் வந்தது. நீக்கியாயிற்று. மூன்றாவது முறை வந்தால் கணக்கும் போகும்.

பேச்சுப்பாலம்

நெறியாளருக்கு நன்றி. பொடி மட்டும் இல்ல. உடம்புலேர்ந்து உலோகத்தை வெளியேத்தறோம்னு ஊசி போட்டு, 2005-ல அமெரிக்காவுல ஆட்டிசம் இருந்த அஞ்சு வயசுக் குழந்தை ஒண்ணு செத்தே போச்சு. "குணமாக்கறேன்"ங்கிற வார்த்தையைக் கேட்டாலே எழுந்து வந்துடுங்க.

மழைத்துளி, நான் பேச்சுப் பயிற்சி கொடுக்கறவ, 17 வருஷமா. விவாதமெல்லாம் அப்புறம். நீங்க எழுதினதுல ரெண்டு வார்த்தை என்னைத் தூங்க விடல. "மூணு வாரமா." "இடது பக்கம்."

ஆட்டிசம் அவளுக்கு ஏழு வருஷமா இருக்கு. தலை இடிக்கிறது மூணு வாரமாத்தான். அப்போ மூணு வாரத்துக்கு முன்னாடி ஏதோ ஒண்ணு மாறியிருக்கு. காது பார்த்தீங்களா? பல்? மலச்சிக்கல், நெஞ்செரிச்சல்? எதைப் பண்ணினாலும் "ஆட்டிசம்ல, அப்படித்தான்"னு சொல்லி அனுப்பறது ரொம்ப நடக்கும். பேசற பிள்ளை ராத்திரி அழுது "காது வலிக்குது"ன்னா உடனே காதைப் பார்ப்போம். பேசாத பிள்ளை தலையை இடிச்சா நடத்தைப் பிரச்சினைன்னு எழுதிடுவோம். வலிப்பும் ஆட்டிசம் உள்ளவங்களுக்கு மத்தவங்களைவிட அதிகம், தூக்கத்துலயே வரலாம். அதையும் டாக்டர்கிட்ட கேளுங்க. ரெண்டு ராத்திரி வீடியோ எடுத்துக்கிட்டுப் போங்க, வாயால சொன்னா எடுபடாது.

ஒரு விஷயம் ஒத்துக்கணும். வேலைக்குச் சேர்ந்த புதுசுல நானும் பிள்ளைங்க தாடையைப் பிடிச்சுத் திருப்பி "என் கண்ணைப் பாரு"ன்னு சொல்லிக் கொடுத்தவதான். கையை ஆட்டினா மேசைக்கு மேல அமுக்கிப் பிடிச்சிருக்கேன். எங்களுக்கு அப்படித்தான் சொல்லிக் கொடுத்தாங்க. லோவாஸ்ங்கிற அமெரிக்க உளவியலாளரோட 1987 ஆய்வு, வாரத்துக்கு 40 மணி நேரப் பயிற்சி, மத்த பிள்ளைங்க மாதிரி ஆக்கிக் காட்டறதுதான் வெற்றி. அப்படி வளர்ந்த ஒரு பையன் பெரியவனானப்புறம் வந்து சொன்னான்: "உங்க கண்ணைப் பார்க்கும்போது நீங்க பேசறது எனக்குக் கேக்காது மிஸ்." எத்தனை வருஷம் அவன் காதை நான் மூடி வச்சிருக்கேன் பாருங்க.

மழைத்துளி

பல்லைப் பத்தி யாருமே கேக்கல. பார்த்த ரெண்டு டாக்டரும் நீங்க சொன்ன அதே வார்த்தையைத்தான் சொன்னாங்க. தூங்க மருந்து எழுதிக் கொடுத்தாங்க. பல் டாக்டர்கிட்ட கூட்டிக்கிட்டுப் போனா வாயைத் திறக்க மாட்டா, போன தடவை மூணு பேர் பிடிச்சும் முடியல, அதுலேர்ந்து போறதையே விட்டுட்டேன். என் தப்புத்தான்.

கோடுபோட்ட_நோட்டு, ஒண்ணு கேக்கவா? நீங்க வேலைக்குப் போறீங்க, இவ்வளவு அழகா எழுதறீங்க. உங்களுக்கும் அவளுக்கும் ஒரே பேர்னு சொல்றதுல எனக்கு மனசு ஒட்டல. நீங்க பேசறதைக் கேட்டுட்டுத்தான் ஊரு "அட, ஆட்டிசம்னா இவ்வளவுதானா"ன்னு நினைக்குது.

கோடுபோட்ட_நோட்டு

நியாயமான அடி. பேசத் தெரிஞ்சவன் மைக்கைப் பிடிச்சுக்கிட்டான்னு எங்க குழுவுக்குள்ளயே ரொம்ப நாளா சண்டை. 2021-ல லான்செட்ங்கிற மருத்துவ இதழோட குழு ஒண்ணு, நாள் முழுக்க ஒருத்தர் துணை தேவைப்படறவங்களுக்குன்னு தனிச் சொல் வைக்கலாம்னு சொல்லிச்சு. பாதிப் பேர் ஆமான்னாங்க, பாதிப் பேர் பிரிச்சா பின்னால தள்ளிடுவாங்கன்னு பயந்தாங்க. எனக்கு இன்னும் ஒரு முடிவு இல்ல.

ஆனா ஒண்ணு சொல்லணும். ஸ்பெக்ட்ரம்னா கம்மி ஆட்டிசம், ஜாஸ்தி ஆட்டிசம்னு வால்யூம் குமிழ் மாதிரி நினைச்சுக்கறோம். அது அப்படி இல்ல. எனக்குப் பேச்சு வரும், ஆனா போன வருஷம் வீடு மாறினப்போ 11 நாள் குளிக்கிற வரிசையே மறந்து போச்சு. முதல்ல தண்ணியா, சோப்பா? நிஜமாவே தெரியாம பாத்ரூம்ல நின்னேன். இதை அலுவலகத்துல யாருக்கும் சொல்லல. சொன்னா நம்பவும் மாட்டாங்க. நீங்க பார்க்கிற "அழகா எழுதறவன்" பகல் எட்டு மணி நேரம் போடற வேஷம். மாஸ்கிங்னு சொல்வாங்க. வீட்டுக்கு வந்தா விளக்கைக்கூடப் போடாம தரையில கிடப்பேன்.

மனசு ஒட்டாதுங்கற பேச்சு வந்ததால இதையும். ஆட்டிஸ்டிக் ஆளுங்களுக்கு அடுத்தவங்க மனசு புரியாதுன்னு ரொம்ப காலமா சொல்லி வச்சிருந்தாங்க. 1985-ல பொம்மையை வச்சு, அந்தப் பொம்மை என்ன நினைக்கும்னு கேட்டு நடத்தின ஒரு சோதனையில 20 ஆட்டிஸ்டிக் பிள்ளைங்கள்ல 16 பேர் தப்பாச் சொன்னதுலேர்ந்து அந்தப் பேச்சு ஊன்றிப் போச்சு. 2012-ல டேமியன் மில்டன், அவரே ஆட்டிஸ்டிக், திருப்பிக் கேட்டார்: எங்களுக்கு உங்களைப் புரியலைன்னா உங்களுக்கும் எங்களைப் புரியலையே, அது ஏன் எங்க குறை மட்டும் ஆகுது? 2020-ல ஒரு ஆய்வுல எட்டு எட்டுப் பேரா உட்கார வச்சு, ஒருத்தர் காதுலேர்ந்து அடுத்தவர் காதுக்குக் கதை கடத்தச் சொன்னாங்க. எல்லாரும் ஆட்டிஸ்டிக்கா இருந்த வரிசையில கதை மத்தவங்க வரிசையில போன அளவுக்கே ஒழுங்காப் போய்ச் சேர்ந்தது. கலந்து உட்கார்ந்த வரிசையிலதான் சிதறிச்சு. மொத்தமே 72 பேர், சின்ன ஆய்வு, அதை வச்சுக் கொடி பிடிக்க மாட்டேன். ஆனா அந்தக் கேள்வி எனக்குப் பிடிச்சிருக்கு.

சும்மா_ஒருவன்

தடுப்பூசி விஷயம் ஒத்துக்கறேன், நான் அந்த 12 குழந்தைங்க கதை தெரியாம பேசிட்டேன். ஆனா இன்னொரு சந்தேகம். நோய் இல்ல, குறை இல்லன்னா அப்புறம் சலுகை எதுக்கு, பரீட்சையில கூடுதல் நேரம் எதுக்கு? ரெண்டுல ஒண்ணுதானே இருக்க முடியும்.

தூங்காத_வீடு

ஏன் ஒண்ணுதான் இருக்கணும்? என் பையனுக்கு 24 வயசு. ஆள் என்னைவிட ஒரு முழம் உயரம். பேச்சு பத்துப் பன்னெண்டு வார்த்தை. வலிப்பு உண்டு. வலிப்புக்கு ரெண்டு வேளை மாத்திரை தர்றேன், ஒரு வேளை தவறினாலும் எனக்கு உயிர் போயிடும். அவன் ஜன்னல்கிட்ட நின்னு விரலை வெளிச்சத்துல ஆட்டிப் பார்ப்பான், அரை மணி, ஒரு மணி. முகத்துல அப்படி ஒரு நிம்மதி. அதை நிறுத்தணும்னு ஒரு பயிற்சியாளர் ரெண்டு வருஷம் என் பணத்தையும் அவன் சந்தோஷத்தையும் தின்னார். இப்போ நிறுத்தறதில்ல. வலிப்பு வியாதி, விரலாட்டறது அவன். இந்த ரெண்டையும் பிரிக்கக் கத்துக்கவே எனக்குப் பதினஞ்சு வருஷம் ஆச்சு.

சலுகைன்னு சொல்றீங்க. படிக்கட்டு இருக்கிற கட்டடத்துல சக்கர நாற்காலிக்காரர் ஊனமுற்றவர், சரிவுப் பாதை போட்டா அவரும் ஒரு ஆள். ஆனா இந்த உதாரணமும் எனக்கு முழுசா ஒத்துவராது. எந்தச் சரிவுப் பாதை போட்டாலும் என் பையனுக்கு ரோடு கடக்க ஒரு கை வேணும். சாகற வரைக்கும் வேணும். என் கை இல்லாதப்போ யார் கைன்னு நினைச்சாத்தான் இந்த வீட்டுல தூக்கம் போகுது. "ஆட்டிசம் சூப்பர் பவர்"னு பேசறவங்களைக் கண்டா எனக்குப் பத்திக்கிட்டு வரும். மேதையா இருந்தாத்தான் மதிப்பேன்னு சொல்ற மாதிரி இருக்கு. என் பையன் மேதை இல்ல. அவனுக்கும் வேளைக்கு மாத்திரையும் ஜன்னலும் வேணும், அவ்வளவுதான்.

விசைப்பலகை

எனக்கு 19 வயது. பேச மாட்டேன். ஒரு விரலால் டேப்லெட்டில் அடிக்கிறேன். இந்தப் பதிவுக்கு ஒன்றே கால் மணி நேரம் ஆனது.

மழைத்துளி அம்மாவுக்கு.

ஒன்பது வயதில் நானும் தலையை இடித்தேன். எனக்கு அப்போது ஒரு படப் பலகை இருந்தது. 24 படம். பந்து, கழிப்பறை, தண்ணீர், ஊஞ்சல், வேணும், போதும், அம்மா, அப்பா. தலை வலித்தது. பலகையைப் பார்த்தேன். 24 படத்தில் எதை அழுத்த? "போதும்" அழுத்தினேன். பலகையை எடுத்து உள்ளே வைத்துவிட்டார்கள்.

யாரும் கெட்டவர்கள் இல்லை. எனக்கு வேண்டியதை நான் கேட்கப் பலகை செய்தார்கள். எனக்கு நடப்பதை நான் சொல்வேன் என்று நினைக்கவில்லை.

உங்கள் மகள் பலகையில் "வலி" இருக்கிறதா?

மழைத்துளி

இல்ல.

இப்போத்தான் போய்ப் பார்த்தேன். 36 படம் இருக்கு. மூணு கலர்ல பந்து இருக்கு. வலி இல்ல.

பேச்சுப்பாலம்

தம்பி எழுதினதுக்கு மேல நான் சேர்க்க ஒண்ணுமில்ல, ரெண்டு சின்ன விஷயம் தவிர. படப் பலகை கொடுத்தா பேச்சு வராம போயிடும்னு சொல்வாங்க, நம்பாதீங்க. பேச்சைத் தடுக்காது, சில பிள்ளைங்களுக்கு உதவவும் செய்யும். அப்புறம், பிள்ளை கையை இன்னொருத்தர் பிடிச்சுக்கிட்டு எழுத்தைக் காட்ட வைக்கிற முறையும் ஒண்ணு ஊர்ல சுத்துது. 1990கள்ல அதைச் சோதிச்சுப் பார்த்தப்போ, எழுதினது பிள்ளை இல்ல, கையைப் பிடிச்சவர்தான்னு தெரிஞ்சது. பிடிச்சவருக்கே அது தெரியல, அதுதான் கொடுமை. தம்பி மாதிரி தன் விரலால அடிக்கறது வேற.

"வலி"ன்னு ஒரு படம் மட்டும் ஒட்டிட்டு அவ அழுத்தணும்னு காத்திருக்காதீங்க. நீங்க காட்டுங்க. உங்க கால் மேசையில இடிச்சுக்கும்போது பலகையில "வலி"யைத் தொட்டுட்டுக் காலைத் தொடுங்க. அவ விழுந்தா அப்பவும். பேசற பிள்ளை ஒரு சொல்லை எத்தனை நூறு தடவை கேட்ட பிறகு சொல்லுது? இவளுக்கும் அத்தனை தடவை பார்க்கணும் இல்லையா.

ஏட்டுச்சுரைக்காய்

பேசாத பிள்ளைக்குப் புரியாது என்று நினைப்பவர்களுக்காக ஒன்று. 2007-இல் மிஷல் டாசனும் லோரான் மாட்ரோனும் சேர்ந்து செய்த ஆய்வில், ஒரே ஆட்டிஸ்டிக் பிள்ளைகளுக்கு இரண்டு வகை அறிவுத்திறன் சோதனை வைத்தார்கள். ஒன்று பேச்சுப் பகுதிகளும் நிறைந்த வழக்கமானது, மற்றொன்று வடிவங்களைப் பார்த்துப் பதில் காட்டுவது. நூறு பேரை வரிசையில் நிறுத்தினால் எத்தனையாவது இடம் என்ற கணக்கில், இரண்டாவதில் அதே பிள்ளைகள் சராசரியாக 30 இடங்கள் மேலே இருந்தார்கள். டாசனும் ஆட்டிஸ்டிக்தான் என்பதால் எந்தச் சோதனையை வைக்க வேண்டும் என்று அவருக்குத் தோன்றியிருக்கலாம். இது என் ஊகம்.

பழைய_சைக்கிள்

விசைப்பலகை தம்பி, ஒன்றே கால் மணி நேரம் என்று எழுதியிருந்தீர்கள். எனக்கு இந்தப் பதிவுக்கு நாற்பது நிமிடம், அடித்து அடித்து எழுதுகிறேன். நாம் ஒரே வேகம்தான்.

மழைத்துளி (17 நாள் கழித்து)

எல்லாருக்கும் சொல்லணும்னு வந்தேன்.

பல்தான். மயக்கம் கொடுத்துத்தான் பார்க்க முடிஞ்சது. இடது பக்கம் கீழ்க் கடைவாய்ப்பல், அடியில சீழ் கோத்திருந்தது. எடுத்துட்டாங்க. பேசற பிள்ளையா இருந்தா முதல் நாளே கத்தி ஊரைக் கூட்டியிருக்கும்னு டாக்டர் சொன்னார். அவர் நல்லவிதமாத்தான் சொன்னார், நான்தான் வெளிய வந்து வண்டிக்குப் பின்னாடி நின்னு அழுதேன்.

முழுசா நிக்கல. வாரத்துக்கு ரெண்டு ராத்திரி இன்னும் எழுந்து உட்கார்றா, கொஞ்சம் இடிக்கிறா. ஆனா முன்ன மாதிரி இல்ல. கோடுபோட்ட_நோட்டு சொன்ன ஞாபகத்துல அந்த ரூம் ட்யூப்லைட்டை மாத்திப் பார்த்தேன், அதுல வித்தியாசம் ஒண்ணும் தெரியல.

"வலி" படம் ஒட்டினேன். பேச்சுப்பாலம் சொன்ன மாதிரி நானே தொட்டுக் காட்டிக்கிட்டே இருந்தேன். பத்து நாள் அவ திரும்பிக்கூடப் பார்க்கல. முந்தாநாள் ராத்திரி எழுந்தா. பழக்கத்துல நான் கையைச் சுவத்துல வச்சேன். அவ இடிக்கல. பலகையை இழுத்து "வலி"யைத் தொட்டா. எனக்கு நெஞ்சு நின்னுபோச்சு. எங்கடா செல்லம்னு கேட்டேன். என் கையைப் பிடிச்சா. நடுவிரல், அந்த வீங்கின கணு இருக்கு பாருங்க, இன்னும் முழுசா வத்தல, அதைத் தொட்டா.

அவ்வளவுதான். தூங்கிட்டா.

என் வலியைச் சொன்னாளா? இல்ல, "கையை எடு, அது குத்துது"ன்னு சொன்னாளா? ரெண்டு நாளா இதையே நினைச்சுக்கிட்டு இருக்கேன்.

தூங்காத_வீடு

உன் வலியைத்தாம்மா சொன்னா. எனக்குச் சந்தேகமே இல்ல.

பேச்சுப்பாலம்

எனக்கும் அப்படி நம்பத்தான் ஆசை. ஆனா நம்ம ஆசையை அவ வாயில வைக்க வேண்டாம். தேதி, நேரம், என்ன தொட்டா, எந்த வரிசையில தொட்டா, இது மட்டும் ஒரு நோட்டுல எழுதி வைங்க. ரெண்டு அர்த்தமும் இருக்கலாம், மூணாவது ஒண்ணும் இருக்கலாம்.

விசைப்பலகை

அவளையே கேளுங்கள். "ஆமாம்", "இல்லை" இரண்டு படம் பலகையில் பக்கத்துப் பக்கத்தில் ஒட்டுங்கள். அடுத்த முறை உங்கள் விரலைத் தொட்டால் "அம்மாவுக்கு வலியா?" என்று ஒரு முறை மட்டும் கேளுங்கள். பிறகு பேசாமல் இருங்கள். நிறைய நேரம். எனக்கு ஒரு பதிலுக்கு ஒரு நிமிடம் ஆகும். அதற்குள் எல்லாரும் அடுத்த கேள்வி கேட்டுவிடுவார்கள்.